இன்ஃப்ளூயன்சா வைரஸைச் செயலிழக்கச் செய்தல்: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செயலிழக்கச் செய்வது என்றால் வைரஸின் தொற்றும் திறனைப் போக்குவது. வைரஸைச் சிதைப்பது என்று பொருள் இல்லை. சில முறைகள் இரண்டையும் செய்துவிடும். சில முறைகளில் துகள் ஏறத்தாழ அப்படியே இருக்கும், பெருகும் திறன் மட்டும் போயிருக்கும். எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன்னால், வேலை முடிந்தபின் அந்தக் குழாயில் எது மிஞ்ச வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆர்.என்.ஏ. மட்டும் போதுமா, புரதத்தின் வடிவம் வேண்டுமா, வைரஸின் மேற்பரப்புப் புரதமான ஹீமாக்ளுட்டினின் சிவப்பணுக்களைப் பிடிக்க வேண்டுமா, இன்னொரு மேற்பரப்புப் புரதமான நியூராமினிடேஸ் நொதியாக வேலை செய்ய வேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முறைகள் தாமாகவே கழிந்துவிடும்.

அடுத்தது இன்னும் முக்கியம். புத்தகத்தில் இருக்கும் சதவீதமும் மணிக்கணக்கும் தொடக்கப் புள்ளிகள்தான். வேறொருவர் 1 மி.லி. வளர்ப்பு ஊடகத்தில் நிரூபித்த முறை, வைரஸ் வளர்த்த உங்கள் 50 மி.லி. முட்டைத் திரவத்துக்குத் தானாகப் பொருந்தாது. உங்கள் வைரஸ், உங்கள் அளவு, உங்கள் குழாய் மூன்றையும் வைத்து நிரூபித்தால்தான் அது உங்கள் முறை. இந்தக் கட்டுரையில் வேதிப்பொருளுக்குச் சமமாக நிரூபணத்துக்கும் இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

எங்கே செய்வது

பருவகால எச்1என்1, எச்3என்2, பி வகை வைரஸ்களை இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்தில், இரண்டாம் வகுப்பு உயிர்ப்பாதுகாப்புக் கேபினெட்டுக்குள் கையாளலாம். கடும் நோய் உண்டாக்கும் பறவைக் காய்ச்சல் எச்5, எச்7 வகைகளும், 1968க்குப் பிறகு மனிதரிடையே பரவாத எச்2என்2 வகையும் மூன்றாம் நிலையில் இருக்க வேண்டியவை. அவற்றைச் செயலிழக்கச் செய்யும் வேலையும் அந்த அறைக்குள்ளேயேதான். நிரூபணம் முடிந்து, நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழு கையெழுத்திட்ட பிறகே குழாய் வெளியே வரும். ‘வேதிப்பொருள் சேர்த்தாகிவிட்டது, இனி கீழ்நிலை அறைக்குக் கொண்டுபோகலாம்’ என்ற நினைப்பு இந்தத் துறையில் பழைய தவறு. 2015ல் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றிலிருந்து, கதிர்வீச்சில் செத்துவிட்டதாக நம்பிய ஆந்த்ராக்ஸ் வித்துகள் உயிரோடு பல ஆய்வகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கிருமி வேறு, தவறு இதேதான்.

ஸ்டாக்கை (வளர்த்து வைத்த வைரஸ் திரவத்தை) தயார் செய்தல்

இன்ஃப்ளூயன்சா துகள் சுமார் 80 முதல் 120 நானோமீட்டர் அளவுள்ளது. கொழுப்பு உறை போர்த்தியது. உள்ளே எட்டுத் துண்டுகளாக ஆர்.என்.ஏ. இருக்கிறது. உறை இருப்பதால் சோப்பு, சாராயம், வெப்பம் எல்லாவற்றுக்கும் எளிதில் பணியும். தனித் துகளைக் கொல்வது கஷ்டமே இல்லை. கட்டியாகச் சேர்ந்த துகள்கள்தான் பிரச்சினை. செல் குப்பையிலும் புரதத் திரளிலும் ஒளிந்திருக்கும் வைரஸுக்கு வேதிப்பொருள் தாமதமாகவே போய்ச் சேரும், சில சமயம் சேராமலே போகும். 1955ல் அமெரிக்காவில் ஃபார்மலின் இட்ட போலியோ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் மிஞ்சிக் குழந்தைகள் முடமானதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்தத் திரட்சியும் ஒன்று.

எனவே முதல் வேலை தெளிய வைப்பது. முட்டைத் திரவத்தையோ செல் வளர்ப்பு மேல்திரவத்தையோ 4 டிகிரி செல்சியஸில் 3000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். மேல்திரவத்தை மட்டும் எடுங்கள். அடியில் படிந்ததைச் சுரண்டி எடுக்கும் ஆசை வேண்டாம். 0.45 மைக்ரான் வடிகட்டியில் ஒருமுறை விட்டால் இன்னும் நல்லது. 0.2 மைக்ரானில் இழை வடிவத் துகள்கள் கணிசமாகப் போய்விடும். உறைய வைத்து உருக்கிய ஸ்டாக்கில் திரட்சி கூடியிருக்கும், அதை மறுபடி தெளிய வைத்தே தொடங்க வேண்டும்.

பிறகு டைட்டர். ஒரு மி.லி.க்கு எத்தனை தொற்று அலகு என்று தெரியாமல் தொடங்காதீர்கள். மி.லி.க்கு 10 கோடி டிசிஐடி50 (ஒரு டிசிஐடி50 என்பது செல் வளர்ப்புக் கிணறுகளில் பாதியைத் தொற்ற வைக்கும் அளவு) உள்ள ஸ்டாக் 10 மி.லி. இருந்தால், கையில் இருப்பது 100 கோடி. அதை ஒன்றாகக் குறைக்கவே 9 லாக் இறக்கம் வேண்டும் (ஒரு லாக் என்றால் பத்தில் ஒன்றாகக் குறைவது). ‘99.99 சதவீதம் அழிந்தது’ என்பது 4 லாக்தான். அப்போதும் குழாயில் ஒரு லட்சம் உயிரோடு இருக்கும்.

பீட்டா-புரோபியோலாக்டோன்

முழுத் துகளும் வேண்டும், வேலையும் நாளைக்குள் முடிய வேண்டும் என்றால் பெரும்பாலானோர் எடுப்பது இதைத்தான். சுருக்கமாக பிபிஎல் என்போம். இது நியூக்ளிக் அமிலத்தையும் தாக்கும், புரதங்களையும் தாக்கும். வேலை முடிந்ததும் நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சி புரோபியோனிக் அமிலமாக மாறிவிடும். கழுவி எடுக்க வேண்டிய நச்சு மிஞ்சாது என்பதுதான் இதன் பெரிய வசதி. ஆனால் பாட்டிலில் இருக்கும் தூய பிபிஎல் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். அந்தப் பாட்டிலைப் புகைக்கூண்டில், இரட்டை நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணிந்து திறக்க வேண்டும். சிந்தினால் ஊற்ற சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் பிஎச். கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.1 சதவீதம் என்றால் லிட்டருக்கு 1 மி.லி.; அடர்த்தி 1.146, மூலக்கூறு எடை 72. ஆக லிட்டருக்கு சுமார் 16 மில்லிமோல் பிபிஎல். அது முழுவதும் அமிலமாக மாறினால் 16 மில்லிமோலார் அமிலம். வழக்கமான பாஸ்பேட் உப்புக் கரைசலில் பாஸ்பேட் மொத்தமே 10 மில்லிமோலார், பிஎச் 7.4ல் அதில் அமிலத்தை வாங்கிக்கொள்ளக்கூடியது 8 அளவுக்குத்தான். மீதி அமிலம் பிஎச்சை 4.5 பக்கம் இழுத்துவிடும். ஹீமாக்ளுட்டினின் பிஎச் 5 முதல் 6க்குள் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் புரதம், மாறியது திரும்பாது. மறுநாள் ஹீமாக்ளுட்டினேஷன் டைட்டர் (சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் திறனின் அளவு) சரிந்து கிடக்கும். பழியை பிபிஎல் மீது போடுவார்கள். பாதிக் குற்றம் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பஃபருடையது.

தீர்வு எளியது. முன்கூட்டியே ஹெப்பஸ் என்ற பஃபரைச் சேர்த்துவிடுங்கள். பிஎச் 8.0ல் 50 மில்லிமோலார் ஹெப்பஸ் இருந்தால், 16 மில்லிமோலார் அமிலம் வந்த பிறகும் பிஎச் 7.4 அருகே நிற்கும். டிரிஸ் பஃபர் மட்டும் வேண்டாம். அதிலுள்ள அமீன் பிபிஎல்லோடு வினைபுரிந்து, வைரஸுக்குச் சேர வேண்டியதைத் தின்றுவிடும்.

10 மி.லி.க்கான படிகள்:

1. தெளிய வைத்த வைரஸ் திரவம் 9 மி.லி.யோடு பிஎச் 8.0 உள்ள 0.5 மோலார் ஹெப்பஸ் 1 மி.லி. சேருங்கள். பனிக்கட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். இதில் 0.5 மி.லி. எடுத்து ‘சிகிச்சைக்கு முன்’ என்று எழுதித் தனியே வையுங்கள். பின்னால் ஒப்பிட வேறு வழி கிடையாது.

2. கண்ணாடிக் குப்பியில் பனிக்குளிர் நீர் 0.9 மி.லி. எடுத்து, தூய பிபிஎல் 0.1 மி.லி. விட்டுக் கலக்குங்கள். இது 10 சதவீதக் கரைசல். கலந்த நொடியிலிருந்தே சிதையத் தொடங்கும் என்பதால் ஐந்து நிமிடத்துக்குள் பயன்படுத்துங்கள், மிஞ்சியதை நாளைக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

3. வைரஸ் திரவத்தைக் காந்தக் கலக்கியில் மெல்லச் சுழலவிட்டு, எடுத்த ஒவ்வொரு 10 மி.லி.க்கும் இந்தக் கரைசல் 0.1 மி.லி. வீதம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இறுதிச் செறிவு 0.1 சதவீதம். ஒரே இடத்தில் மொத்தமாக ஊற்றினால் அந்த இடத்தில் மட்டும் செறிவு எகிறிப் புரதம் திரளும். மற்ற இடத்தில் குறையும்.

4. பதினைந்து நிமிடம் கழித்துத் திரவம் முழுவதையும் புதிய குழாய்க்கு மாற்றுங்கள். பழைய குழாயைக் கழிவில் போடுங்கள். இந்தப் படியை யாரும் தவிர்க்கக் கூடாது, காரணம் கீழே.

5. 4 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம், மெதுவாகப் புரளும் மேடையில். குழாயில் ஐந்தில் ஒரு பங்காவது காலியிடம் விடுங்கள். பைகார்பனேட் உள்ள ஊடகமானால் அமிலம் கார்பன் டைஆக்சைடைக் கிளப்பும், மூடி திறக்கும்போது லேசாகச் சீறும். அதனால் கேபினெட்டுக்குள்தான் திறக்க வேண்டும்.

6. 37 டிகிரியில் 2 மணி நேரம். மிஞ்சிய பிபிஎல் சிதைவதற்கு இது. நீரில் 25 டிகிரியில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ மூன்றரை மணி. குளிரில் இன்னும் நீளும். ஆகவே இரவெல்லாம் 4 டிகிரியில் இருந்த குழாயில் கொஞ்சம் மிஞ்சியே இருக்கும்.

7. ஒரு சொட்டைக் குறுகிய வரம்புப் பிஎச் தாளில் வைத்துப் பாருங்கள். ஃபீனால் ரெட் கலந்த ஊடகமானால் கண்ணே சொல்லிவிடும்: இளஞ்சிவப்பு இருந்தால் நிம்மதி, மஞ்சளானால் பிஎச் 6.8க்குக் கீழே போய்விட்டது.

நான்காம் படிக்கு வருவோம். குழாயை நிரப்பும்போதும் குலுக்கும்போதும் கழுத்திலும் மூடியின் உள்புறத்திலும் நுண்துளிகள் ஒட்டும். அந்தத் துளிகளில் உள்ள வைரஸ் வேதிப்பொருளைப் பார்த்ததே இல்லை. மறுநாள் குழாயைச் சாய்த்ததும் அவை இறங்கிக் கலந்துவிடும். 9 லாக் இறக்கத்தை நிரூபித்துவிட்டு மூடியிலிருந்த 5 மைக்ரோலிட்டரில் தோற்பது அப்படித்தான்: மி.லி.க்கு 10 கோடி உள்ள ஸ்டாக்கின் 5 மைக்ரோலிட்டரில் ஐந்து லட்சம் தொற்று அலகுகள் இருக்கும். குழாய் மாற்றுவது பிபிஎல்லுக்கு மட்டுமான விதி இல்லை, ஃபார்மலின், டிரைட்டான் என்ற டிடர்ஜென்ட், வெப்பம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பிபிஎல்லின் குறையையும் சொல்லியாக வேண்டும். மனித இன்ஃப்ளூயன்சா வைரஸ்களில் ஹீமாக்ளுட்டினேஷன் டைட்டரும் நியூராமினிடேஸ் செயலும் பத்து மடங்கோ அதற்கு மேலோ குறைந்ததாக வெளியான ஆய்வு உண்டு. வேலையே அந்த இரண்டையும் அளப்பதுதான் என்றால், அடுத்த முறையை முதலில் பாருங்கள்.

ஃபார்மலின்

மெதுவானது, ஆனால் மேற்பரப்புப் புரதங்களின் ஆன்டிஜென் தன்மையை (எதிர்ப்பொருள்கள் அடையாளம் காணும் தன்மையை) நன்றாகக் காக்கும். இறுதிச் செறிவு 0.02 சதவீத ஃபார்மால்டிஹைடு, 37 டிகிரியில் 24 மணி நேரம் என்று தொடங்கிப் பார்க்கலாம். 4 டிகிரியில் செய்தால் நாள்கணக்கில் ஆகும்.

குழப்பம் வருவது பெயரில். கடையில் வாங்கும் ஃபார்மலின் என்பது 37 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல். ‘0.1 சதவீத ஃபார்மலின்’ என்றால் ஃபார்மால்டிஹைடு கணக்கில் 0.04 சதவீதத்துக்கும் குறைவு. ஆய்வேட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் இரண்டரை மடங்குக்கு மேல் பிசகும். உங்கள் குறிப்பேட்டில் எப்போதும் ஃபார்மால்டிஹைடு சதவீதமாகவே எழுதுங்கள்.

10 மி.லி.க்கு 37 சதவீதக் கரைசல் 5.4 மைக்ரோலிட்டர் தேவை. இவ்வளவு சிறிய அளவை நேரடியாக விடாமல், முதலில் நூறு மடங்கு நீர்த்து 0.37 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். மொத்தம் 10 மி.லி. வரும்படி அதில் 0.54 மி.லி.யை வைரஸ் திரவம் 9.46 மி.லி.யில் சேர்த்தால் கணக்கு சரி. பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் ஃபார்மால்டிஹைடு பாலிமராகிப் போயிருக்கிறது. மேலே இருக்கும் கரைசல் இனி 37 சதவீதம் இல்லை. புதுப் பாட்டிலை எடுங்கள். டிரிஸ், கிளைசின், அதிக சீரம் எதுவும் திரவத்தில் இருக்கக் கூடாது, இவையெல்லாம் ஃபார்மால்டிஹைடைப் பிடித்துக்கொள்ளும்.

முடிந்தபின் ஃபார்மால்டிஹைடை அகற்றியாக வேண்டும். பாஸ்பேட் உப்புக் கரைசலில், 4 டிகிரியில், மூன்று முறை மாற்றி டயாலிசிஸ் (சவ்வுப் பை வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) செய்வது வழக்கம். அவசரமென்றால் சோடியம் பைசல்ஃபைட் சேர்த்து முறிக்கலாம்; ஆனால் அது செல்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தனியே பார்க்க வேண்டியிருக்கும்.

டிடர்ஜென்ட்

நியூராமினிடேஸ் தடுப்பு மருந்துகளை வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு டிரைட்டான் எக்ஸ்-100 போல எளியது கிடையாது. இறுதிச் செறிவு 1 சதவீதம், அறை வெப்பத்தில் 1 மணி நேரம். உறை கரைந்து வைரஸ் சிதறும். நியூராமினிடேஸ் செயல் குறைவதற்குப் பதிலாகக் கூடக்கூடச் செய்யும். ஹீமாக்ளுட்டினேஷன் முடிவுகள் மட்டும் நம்பத்தக்கவையாக இருக்காது. டிடர்ஜென்ட்டே சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

10 சதவீதக் கரைசலாக முன்பே செய்து வைத்து, ஒன்பதுக்கு ஒன்று என்று சேருங்கள். தூய டிரைட்டான் தேன் பதத்தில் இருப்பதால் பைப்பெட் முனையில் பாதி ஒட்டிக்கொள்ளும், எடுத்த அளவு விட்ட அளவாக இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜனவரி 4 முதல் டிரைட்டான் எக்ஸ்-100 பயன்பாட்டுக்கு அனுமதிக் கட்டுப்பாடு இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

வெப்பம்

56 டிகிரியில் 30 நிமிடம் என்ற மந்திரம் எல்லா ஆய்வகத்திலும் சுவரில் ஒட்டியிருக்கும். நீர்த்த மாதிரிக்குப் பெரும்பாலும் போதும். புரதம் மிகுந்த, டைட்டர் மிகுந்த ஸ்டாக்குக்குப் போதும் என்று நம்பிவிட முடியாது. நேரத்தைக் குளியலில் வைத்த கணத்திலிருந்து எண்ணக் கூடாது. அதே அளவு நீர் ஊற்றிய ஒரு போலிக் குழாயில் வெப்பமானியை விட்டு வையுங்கள். அது 56ஐத் தொட்ட பிறகு 30 நிமிடம். 15 மி.லி. குழாயில் 10 மி.லி. இருந்தால் அதற்கே பல நிமிடங்கள் போகும். குளியலின் நீர் மட்டம் திரவ மட்டத்துக்கு மேல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பகுதி குளிர்ந்தே இருக்கும். உலோகக் கட்டையில் வைத்துச் சூடாக்கினால் மூடி சூடாவதே இல்லை, ஆவி அங்கே துளியாகப் படியும்.

வைரஸை முற்றாகச் செயலிழக்கச் செய்யும் அளவு சூடாக்கினால் ஹீமாக்ளுட்டினினும் நியூராமினிடேஸும் கூடவே போகும். ஆகவே இது சீரம் மாதிரி போன்றவற்றுக்கு ஏற்றது. ஆன்டிஜென் தயாரிக்க ஏற்றதல்ல.

புற ஊதா ஒளி

254 நானோமீட்டர் ஒளி ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கும், புரதத்தை அதிகம் தொடாது என்பதால் கவர்ச்சியான முறை. ஆனால் ஒளி போய்ச் சேர்ந்தால்தான் வேலை. செல் வளர்ப்புத் தட்டின் பிளாஸ்டிக் மூடி இந்த அலைநீளத்தை நிறுத்திவிடும். மூடியைக் கழற்ற வேண்டும். 60 மி.மீ. தட்டில் 2 மி.லி. ஊற்றினால் ஆழம் சுமார் 1 மி.மீ. அதற்கு மேல் போகாதீர்கள். கலங்கிய முட்டைத் திரவமும் சீரம் கலந்த ஊடகமும் ஒளியின் பெரும்பகுதியை மேல் அடுக்கிலேயே குடித்துவிடும். தட்டைப் பனிக்கட்டி மீது வைத்து, இடையிடையே ஆட்டிவிடுங்கள்.

நிமிடக் கணக்கு எழுதாதீர்கள், டோஸ் கணக்கு எழுதுங்கள். திரவம் இருக்கும் இடத்தில் கதிர்மானி வைத்து அளந்து, சதுர செ.மீ.க்கு 1 மில்லிவாட் வந்தால் 300 நொடிக்கு 300 மில்லிஜூல். விளக்கு பழசானால் அதே நிமிடத்தில் பாதிகூட வராது. கேபினெட்டின் மேற்கூரையில் இருக்கும் கிருமிநாசினி விளக்கை இதற்குப் பயன்படுத்துவது சூதாட்டம்.

இன்ஃப்ளூயன்சாவுக்கென்று ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. மரபணு எட்டுத் துண்டாக இருப்பதால், ஒரு துகளில் ஒரு துண்டும் இன்னொன்றில் வேறு துண்டும் சேதமாகியிருந்தால், இரண்டும் ஒரே செல்லுக்குள் புகும்போது நல்ல துண்டுகள் ஒன்றுசேர்ந்து உயிருள்ள வைரஸ் பிறக்கலாம். நீர்த்துச் சோதித்தபோது பூஜ்யம் காட்டிய மாதிரி, நீர்க்காமல் போட்டபோது முளைப்பது இதனால்தான். புற ஊதா முறையை எப்போதும் நீர்க்காத மாதிரியிலும் சோதியுங்கள்.

ஆர்.என்.ஏ., புரதம், நிலைநிறுத்திய செல்கள்

ஆர்.என்.ஏ. மட்டும் போதும் என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். குவானிடினியம் தயோசயனேட்டும் ஃபீனாலும் கலந்த திரவக் கரைப்பான் 0.75 மி.லி.க்கு 0.25 மி.லி. மாதிரி சேர்த்து, தலைகீழாகப் புரட்டிக் கலந்து, 10 நிமிடம் வைத்து, புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். இந்த வைரஸின் ஆர்.என்.ஏ. எதிர்மறை இழை. அதைப் படியெடுக்கக் கூடவே வரும் பாலிமரேஸ் நொதி இல்லாமல் வெறும் ஆர்.என்.ஏ. தொற்றாது.

ஜெல்லில் ஓட்டுவதற்கான மாதிரி என்றால் எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட் உள்ள லோடிங் பஃபரில் 95 டிகிரியில் 10 நிமிடம். தொற்றிய செல்களை நுண்ணோக்கியில் பார்க்க 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, அறை வெப்பத்தில் 30 நிமிடம். இங்கே மறக்கப்படுவது தட்டின் மூடியும் வெளிவிளிம்பும். கிணற்றுக்குள் மட்டும் கரைசல் போனால் மூடியில் தெறித்த வைரஸ் அப்படியே இருக்கும். மூடியைப் புதிதாக மாற்றி, தட்டின் வெளிப்புறத்தை 70 சதவீத எத்தனாலில் துடைத்த பிறகே கேபினெட்டை விட்டு எடுங்கள்.

எவ்வளவு நேரம் என்று எப்படி முடிவு செய்வது

முதல் தொகுதிக்கு முன்பு ஒரு சிறிய ஓட்டம் செய்யுங்கள். 0, 1, 2, 4, 8, 16, 24 மணிகளில் 0.2 மி.லி. எடுத்து, உடனே வேதிப்பொருளை முறித்து, டைட்டர் பாருங்கள். லாக் டைட்டரை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்க வேண்டும். ஒன்றரை மணிக்கு 1 லாக் வீதம் இறங்கினால் 9 லாக்குக்கு பதிமூன்றரை மணி. அதோடு நிறுத்தக் கூடாது. அது ஒரே ஒரு துகள் மிஞ்சும் எல்லை. 24 மணி வரை கொண்டுபோனால் ஏழு லாக் கூடுதல் இடைவெளி கிடைக்கும். பிபிஎல்லாக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும்: அது நேரத்தோடு தானும் கரைந்துபோவதால் பிற்பகுதியில் கோடு தளரும், கணக்கைத் தாராளமாகவே வையுங்கள்.

கோடு கீழே போகப்போகத் தட்டையானால் நேரத்தை நீட்டிப் பயனில்லை. கட்டிகள் இருக்கின்றன என்று அர்த்தம். திரும்பப் போய்த் தெளிய வைத்து, வடிகட்டி, மறுபடி தொடங்குங்கள். சுக்ரோஸ் படுகையில் செறிவாக்கிய வைரஸில் இது அடிக்கடி நடக்கும்.

நிரூபணம்

எம்டிசிகே என்ற நாய்ச் சிறுநீரகச் செல்களிலோ 10 நாள் கருமுட்டைகளிலோ மிச்சத் தொற்றுத் திறன் இருக்கிறதா என்று பார்ப்பது இறுதித் தேர்வு. செல்களில் செய்வதாக வைத்துக்கொள்வோம். செல் படலத்தைச் சீரம் இல்லாத ஊடகத்தில் இரண்டு முறை கழுவுங்கள். சிகிச்சை செய்த மாதிரி 1 மி.லி.யை ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, புரதத்தை வெட்டும் நொதியான டிபிசிகே டிரிப்சின் மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் உள்ள ஊடகம் ஊற்றி மூன்று, நான்கு நாள் வளர்க்க வேண்டும். மேல்திரவத்தைப் புதுச் செல்களுக்கு மாற்றி மறுபடியும், பிறகு மூன்றாம் முறையும். செல் சிதைவு தெரியாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும். முதல் சுற்றில் கண்ணுக்குப் படாத ஒரு துகள் மூன்றாம் சுற்றில் வெளியே வரும்.

பொய்யான நிம்மதி தரும் இடங்கள் மூன்று. முதலாவது, சீரத்தைச் சரியாகக் கழுவாதது. சீரம் டிரிப்சினைக் கட்டிப்போடும், டிரிப்சின் வெட்டாமல் ஹீமாக்ளுட்டினின் முதிராது, உயிருள்ள வைரஸ்கூட அடுத்த செல்லுக்குப் போகாது. தேர்வில் பாஸ் என்று வரும். உண்மையில் தேர்வே நடக்கவில்லை. இரண்டாவது, மிஞ்சிய வேதிப்பொருள் செல்களைக் கொல்வது அல்லது செயலிழந்த துகள்கள் செல்லின் வாசலை அடைத்துக்கொள்வது. இதைப் பிடிக்க, சிகிச்சை செய்த மாதிரியில் ஏறத்தாழ 50 டிசிஐடி50 உயிருள்ள வைரஸை வேண்டுமென்றே சேர்த்து ஒரு தனிக் குடுவை வைக்க வேண்டும். அதில் வைரஸ் வளரவில்லை என்றால், மற்றக் குடுவையில் வளராததற்கு எந்த மதிப்பும் இல்லை. மாதிரியை டயாலிசிஸ் செய்தோ நீர்த்தோ திரும்பச் சோதிக்க வேண்டும். மூன்றாவது, நேர்மறைக் கட்டுப்பாட்டைப் பலமாக வைப்பது. லட்சம் அலகு போட்டால் அரைகுறை செல்லிலும் வளரும். 10 அலகு போட்டு வளர்ந்தால்தான் உங்கள் செல்லுக்குக் கண் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஹீமாக்ளுட்டினேஷன் பாருங்கள். வி-அடித் தட்டில் 50 மைக்ரோலிட்டர் மாதிரியை இரண்டிரண்டாக நீர்த்து, 0.5 சதவீதக் கோழிச் சிவப்பணு 50 மைக்ரோலிட்டர் விட்டு, அரை மணிக்கு மேல் அசைக்காமல் வையுங்கள். பிறகு தட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். அடியில் பொட்டாக நின்ற அணுக்கள் கண்ணீர்த் துளிபோல ஒழுகினால் எதிர்மறை; கிணறு முழுவதும் மங்கலாகப் படர்ந்து ஒழுகாமல் நின்றால் நேர்மறை. சாய்க்காமல் மேலிருந்து மட்டும் பார்த்தால் ஒன்றிரண்டு கிணறு ஏமாற்றும். அண்மைக் கால எச்3என்2 வைரஸ்கள் கோழி அணுக்களைச் சரியாகப் பிடிப்பதில்லை. கினிப்பன்றி அணுக்கள் வேண்டும்.

முதல் சுற்றில் நேர்மறை வந்தால் பதற வேண்டாம். நீங்கள் ஊற்றிய செயலிழந்த வைரஸின் ஹீமாக்ளுட்டினினே அங்கே இருக்கக்கூடும். அது இரண்டாம் சுற்றில் நீர்த்துப் போய்க் குறையும், மூன்றில் மறையும். சுற்றுக்குச் சுற்று ஏறினால் உயிர் இருக்கிறது. தொகுதி முழுவதும் தோல்வி.

மூன்று சுற்றும் சுத்தமாக வந்தாலும் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1 மி.லி. சோதித்துப் பூஜ்யம் வந்தால், 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது மி.லி.க்கு 3க்கு மேல் இல்லை என்பது மட்டும்தான். மிஞ்சிய 9 மி.லி.யில் 27 வரை இருக்க இந்தச் சோதனை மட்டும் தடை சொல்லாது. அந்த இடைவெளியை மூடுவது முன்பு போட்ட கோடும், அதற்கு மேல் ஓட்டிய கூடுதல் மணிகளும்தான். சோதனை, கோடு இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெளியே விடும் வரை

சோதனை நடக்கும் பத்துப் பன்னிரண்டு நாளும் குழாய் உயிருள்ள வைரஸ் பெட்டியிலேயே இருக்கட்டும். லேபிளில் ‘சிகிச்சை முடிந்தது, முடிவு நிலுவை’ என்று எழுதுங்கள். முடிவு வந்த பிறகு வைரஸ் பெயர், தொகுதி எண், முறை, செறிவு, வெப்பம், நேரம், சோதித்த அளவு, தேதி எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். குழாயை யாருக்குக் கொடுத்தாலும் அந்தத் தாளின் நகலும் போக வேண்டும். வைரஸ் வகை, அளவு, பாத்திரம், பஃபர் எதை மாற்றினாலும் பழைய நிரூபணம் செல்லாது.

கழிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உயிருள்ள வைரஸ் பட்ட திரவத்துக்கு 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் சரிதான். ஆனால் குவானிடினியம் தயோசயனேட் கலந்த கழிவில் அதை ஊற்றினால் சயனைடு சார்ந்த நச்சு வாயு கிளம்பும். பழக்கதோஷத்தில் கை பிளீச் பாட்டிலுக்குப் போகும் என்பதால், அந்தக் கழிவுக்கு வேறு நிற மூடியுள்ள தனிக் கலனை வைத்து, மேலே ‘பிளீச் ஊற்றாதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஃபார்மலின் கழிவுக்கும் தனிக் கலன். அதை ஆட்டோகிளேவில் வைத்தால் அறை முழுக்கக் கண் எரியும்.